பாத்ரூம் டைல்ஸ் கணக்கு உதைக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

டைல்ஸ் வேலையில் தவறு தெரியும் இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறு. கடைசி மூலையில் கீற்றுத் துண்டு நிற்கும்; காரணம் முதல் டைலை எங்கே வைத்தார்கள் என்பதில் இருக்கும். தரையில் தண்ணீர் தேங்கும். அதற்கான வித்து டைல் அளவைத் தேர்ந்தெடுத்த நாளிலேயே விழுந்திருக்கும். அதனால் இந்த வழிமுறையை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பாத்ரூமில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அடுத்த இரண்டு பத்திகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

வெட்டுத் துண்டே வராத பாத்ரூம் கிடையாது. நான்கு சுவர், ஒரு கதவு, ஒரு ஜன்னல், தரை வாட்டம் (சரிவு) எல்லாம் டைல் அளவைக் கேட்டுக்கொண்டு அமைவதில்லை. எனவே துண்டு எந்த மூலையில், எவ்வளவு அகலத்தில் விழ வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்வதற்குத்தான் திட்டம். யாரும் முடிவு செய்யாமல் விட்டால், கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில்தான் அது போய் விழும்.

அடுத்தது, அளவுப்பட்டி ஒன்று செய்துகொள்ளுங்கள். நேரான மரச்சட்டமோ அலுமினியப் பட்டியோ, இரண்டு மீட்டர் நீளம் போதும். வெவ்வேறு பெட்டிகளிலிருந்து எடுத்த டைல்களை ஸ்பேசர் (டைல்களுக்கு இடையே ஒரே அளவு இடைவெளி விடும் சின்னத் துண்டு) வைத்துத் தரையில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு ஜாயிண்டையும் பட்டியில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பெட்டியில் 300 என்று அச்சிட்டிருப்பதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். அளந்தால் ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசம் இருக்கலாம். பட்டியைச் சுவரில் குறுக்கிலும் நெட்டுக்கும் பிடித்துப் பார்த்தாலே ஜாயிண்ட் எங்கெங்கே வரும், எவ்வளவு மிஞ்சும் என்பது பசை குழைக்கும் முன்பே தெரிந்துவிடும். கூடவே ரசமட்டம், நூல், மூலைமட்டம், தூக்குக்குண்டு, டேப். அவ்வளவுதான் கருவிகள்.

## மூலையில் விரல் அகலக் கீற்று விழுகிறது

அதிகம் வரும் புகார் இது. ஒரு மூலையில் முழு டைலில் தொடங்கி அப்படியே ஒட்டிக்கொண்டே போயிருப்பார்கள். மறு மூலையில் கீற்று மிஞ்சும். அல்லது சுவரின் நடுக்கோட்டில் ஒரு டைலை வைத்து இரு பக்கமும் போயிருப்பார்கள். இரண்டு மூலையிலும் கீற்று.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். பூசிய சுவரின் அகலம் 1635 மி.மீ. இரு பக்கச் சுவர்களிலும் டைல் ஏறும். டைலுக்கு 8, பசைக்கு 4 அல்லது 5 என்று பக்கத்துக்கு 12–13 மி.மீ. போய்விடும். ஆகவே நமக்கு மிஞ்சுவது 1610. வெறும் பூச்சில் அளந்து திட்டம் போடுவோர் இந்த 25 மி.மீட்டரில்தான் முதலில் சறுக்குகிறார்கள். டைல் 300, ஜாயிண்ட் 3. நடுக்கோட்டில் டைலை வைத்து ஐந்து முழு டைல் போட்டால், இடையிலும் இரு முனையிலும் வரும் ஜாயிண்ட்களோடு 1518. மிச்சம் 92, பக்கத்துக்கு 46. பார்க்கச் சகிக்காது.

இப்போது நடுக்கோட்டில் டைலுக்குப் பதில் ஜாயிண்ட் வரும்படி எல்லாவற்றையும் அரை டைல் நகர்த்துங்கள். முழு டைல் நான்கு, ஜாயிண்ட்களோடு 1215. மிச்சம் 395, பக்கத்துக்கு 197. அரை டைலை நன்றாகவே தாண்டிவிட்டது.

இது இந்தச் சுவரின் அதிர்ஷ்டம் இல்லை. நடுவில் டைல், நடுவில் ஜாயிண்ட் என்ற இரண்டு ஏற்பாட்டில் ஏதாவது ஒன்று ஏறக்குறைய அரை டைலோ அதற்கு மேலோ துண்டு தந்தே தீரும். ஆக, ஒரு சுவரைத் தனியாக எடுத்துக்கொண்டால் கீற்று விழ நியாயமே இல்லை. ஜன்னல், சோப்பு வைக்கும் மாடம், பக்கத்துச் சுவர் எல்லாம் சேர்ந்து இழுக்கும்போதுதான் உண்மையான சிக்கல் வரும். அப்போது யாருக்கு முதலிடம் என்று வரிசைப்படுத்த வேண்டும். நான் வைக்கும் வரிசை இது: கதவைத் திறந்ததும் எதிரே தெரியும் சுவர், வெளிப்பக்கம் துருத்தும் மூலை, ஜன்னல், அப்புறம்தான் மற்றவை. எதிர்ச்சுவரில் இரு பக்கமும் சமமாக வரட்டும். பக்கச் சுவர்களில் சமம் தேவையில்லை. உள்ளே தெரியும் மூலையில் முழு டைலோ பெரிய துண்டோ வைத்து, கதவை ஒட்டிய மூலைக்குச் சின்னத் துண்டைத் தள்ளிவிடலாம். திறந்த கதவே அதை மறைத்துக்கொள்ளும்.

ஒட்டி முடித்த பிறகு கண்டுபிடித்தீர்களா? கீற்றையும் அதன் பக்கத்து முழு டைலையும் சேர்த்து எடுங்கள். மேலே சொன்ன கணக்கில் 46, ஜாயிண்ட் 3, டைல் 300 என்று 349 மி.மீ. இடம் கிடைக்கும். அதில் 173 அகலத்தில் இரண்டு துண்டு வைக்கலாம். மறைவான மூலையில் இது நன்றாகவே எடுபடும். எதிர்ச்சுவரில் செய்தால் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். அங்கே முழுச் சுவரையும் மாற்றுவது அல்லது பார்த்துப் பழகிக்கொள்வது, இரண்டே வழி.

## சீலிங் ஓரத்தில் கீற்று; அல்லது அடி வரிசை கோணல்

அடி வரிசையை முழு டைலாகத் தரையில் உட்கார வைத்து மேலே ஏறியிருந்தால் இந்த இரண்டில் ஒன்று வரும், சில சமயம் இரண்டும் வரும். பாத்ரூம் தரை மட்டமாக இருக்காது, இருக்கவும் கூடாது. மீட்டருக்கு 15 முதல் 20 மி.மீ. வாட்டம் என்றால், ஒன்றரை மீட்டர் சுவரின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 22 முதல் 30 மி.மீ. இறக்கம். அடி வரிசை தரையைத் தழுவிப் போனால் மேலே உள்ள எல்லா வரிசையும் அதே கோணலில் ஏறும்.

சரியான தொடக்கம் இரண்டாம் வரிசை. அறை முழுக்க ஒரே மட்டக்கோடு அடித்து, அதற்கு ஏற்ப நேரான பட்டியைச் சுவரில் திருகி, அதன் மேல் இரண்டாம் வரிசையை உட்கார வையுங்கள். தரை முடிந்த பிறகு பட்டியைக் கழற்றி, அடி வரிசையைத் தரையின் வாட்டத்துக்கு ஏற்றபடி ஒவ்வொன்றாக வெட்டி இறக்குங்கள். தரை டைலின் மேல் சுவர் டைல் வந்து நிற்பதால் அந்த ஜாயிண்ட் வழியே தண்ணீர் உள்ளே போவதும் குறையும்.

பட்டியை எந்த உயரத்தில் அடிப்பது என்பதுதான் திட்டத்தின் பாதி. தரையும் சீலிங்கும் முடிந்த பிறகு உள்ள உயரம் 2150 மி.மீ., டைல் உயரம் 300, ஜாயிண்ட் 2 என்று எடுத்துக்கொள்வோம். அடியில் முழு டைலோடு தொடங்கினால் ஏழு வரிசை முடிந்ததும் 2112. மேலே ஒரு ஜாயிண்டும் 36 மி.மீ. கீற்றும். அதற்குப் பதில் ஆறு முழு வரிசையை நடுவில் வைத்தால் ஜாயிண்ட்களோடு 1814, மிச்சம் 336. அடியில் 168, மேலே 168. அடி வரிசை ஒரு முனையில் 168, மறுமுனையில் 195 என்று போனாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். இதே இறக்கத்தை 40 மி.மீ. துண்டில் கொண்டுவந்தால் ஒரு முனையில் 40, மறுமுனையில் 67. கோணல் பளிச்சென்று தெரியும். துண்டு பெரிதாக இருந்தால் சாய்வை விழுங்கிக்கொள்ளும்; இந்த ஒரு விஷயம் தெரிந்தால் அடி வரிசைத் தகராறு முக்கால்வாசி தீரும்.

ஃபால்ஸ் சீலிங் வரப்போகிறதென்றால் இவ்வளவு கணக்கும் வேண்டாம். டைலைச் சீலிங் மட்டத்துக்கு மேலேயே ஏற்றிவிட்டு, சீலிங்கை முழு டைலின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். ஏற்கெனவே கீற்று ஒட்டியாகிவிட்டதா? அந்தக் கீற்றை எடுத்துவிட்டு, முழு வரிசையோடு நிறுத்தி, மேலே பூசிப் பெயின்ட் அடித்துவிடலாம். 36 மி.மீ. கீற்றைவிட அது எவ்வளவோ மேல்.

## தரையில் சுவரோரத் துண்டு ஒரு முனையில் அகலம், மறுமுனையில் ஒல்லி

அறையின் மூலைகள் செங்கோணமாக இல்லை என்பதன் அடையாளம். சோதிக்க, மூலையிலிருந்து ஒரு சுவரில் 600, மற்றதில் 800 மி.மீ. குறியுங்கள். இரண்டு குறிக்கும் இடையே 1000 வந்தால் மூலை சரி. இடம் இருந்தால் 900, 1200, 1500 என்று பெரிதாக எடுங்கள், துல்லியம் கூடும். கூடவே அறையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிடுங்கள்.

டைல் ஒட்டும் முன்பே தெரிந்தால் பூச்சிலேயே சரிசெய்துவிடுவது நல்லது. ஒரு முனையில் 10 மி.மீ. கூட்டிப் பூசினால் தீருகிற கோணலை, டைல் ஜாயிண்டில் ஒளிக்கப் பார்க்க வேண்டாம். பூச்சு தாங்காத அளவுக்குக் கோணல் என்றால், தரையின் நேர்க்கோட்டைக் கதவு வாசலுக்கும் எதிர்ச்சுவருக்கும் இசைவாகப் பிடியுங்கள். கோணல் துண்டு, கிளாசெட்டின் பின்பக்கமோ வாஷ்பேசினுக்குக் கீழோ வரும் சுவரோரம் போகட்டும். அங்கேயும் அரை டைலுக்குக் குறையாத துண்டாக வையுங்கள். காரணம் மேலே சொன்னதுதான்.

ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு அதற்கு இணையாகத் தரையைப் போட்டவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்தப் பிரச்சினை. தரைக்கு ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு நூல்தான் எஜமான். எந்தச் சுவரும் இல்லை.

## சுவர் ஜாயிண்ட் ஒரு பக்கம், தரை ஜாயிண்ட் ஒரு பக்கம்

முதலில் ஜாயிண்ட் அகலத்தைப் பாருங்கள். சுவரில் 2, தரையில் 3 மி.மீ. வைத்திருந்தால், இரண்டும் 300 டைலாகவே இருந்தாலும் ஐந்தாவது டைலில் 5 மி.மீ. விலகிவிடும். கோடுகள் சேர வேண்டும் என்று முடிவெடுத்தால் இரண்டு இடத்திலும் 3 வைத்துவிடுங்கள்.

அடுத்து டைலின் நிஜ அளவு. தரையில் 600, சுவரில் 300 என்றால் காகிதத்தில் அழகாகப் பொருந்துவது போலத் தோன்றும்: 300, 3, 300, 3 என்று 606, தரையில் 600, 3 என்று 603. பொருந்தவில்லை, பார்த்தீர்களா? சுவரில் இரண்டு டைல், இரண்டு ஜாயிண்ட். தரையில் ஒரு டைல், ஒரு ஜாயிண்ட். சுவர் டைல் நிஜத்தில் 298.5 இருந்தால் மட்டுமே சேரும். இதை அளவுப்பட்டி இரண்டு வினாடியில் காட்டிவிடும். கூட்டல் கணக்கில் பலர் கோட்டை விடுவார்கள்.

சேராது என்று தெரிந்துவிட்டால், கிட்டத்தட்ட சேர்வது போல வைப்பதுதான் இருப்பதிலேயே மோசம். 5 மி.மீ. விலகல் தவறாகத் தெரியும், 150 மி.மீ. விலகல் வேண்டுமென்றே செய்ததாகத் தெரியும். ஆகவே அரை டைல் தள்ளி வையுங்கள், அல்லது தரையை 45 பாகையில் திருப்புங்கள், அல்லது தரைக்குச் சின்ன மொசைக் போட்டுவிடுங்கள். ஒட்டி முடித்தாகிவிட்டது, கிரவுட் (ஜாயிண்டை நிரப்பும் கலவை) மட்டும் பாக்கி என்றால் டைல் நிறத்துக்கு நெருங்கிய கிரவுட் எடுங்கள். வெள்ளை டைலுக்குக் கறுப்புக் கிரவுட் போட ஆசைப்பட்டிருந்தால் அந்த ஆசையை இந்த அறையில் விட்டுவிடுங்கள்.

## தண்ணீர் தேங்குகிறது; வடிகால் ஜாலியைச் சுற்றி அசிங்கத் துண்டுகள்

வாட்டம் போதவில்லை என்று உடனே கொத்தனாரைத் திட்டுவோம். பாதி நேரம் வாட்டம் சரியாகவே இருக்கும். டைல் அளவுதான் அதற்கு ஒத்துவராமல் போயிருக்கும்.

அறையின் நடுவிலோ ஓரத்திலோ ஒற்றை ஜாலி (தண்ணீர் வடியும் வாயை மூடும் சல்லடை) இருந்தால் தரை நாலு பக்கத்திலிருந்தும் அதை நோக்கிச் சரிய வேண்டும். அப்படியென்றால் தரையில் நாலு சாய்தளங்கள். அவை சந்திக்கும் இடத்தில் மூலையிலிருந்து ஜாலிக்கு ஒரு மடிப்பு. டைல் மடங்காது. 600 டைல் அந்த மடிப்பின் மேல் படுத்தால் ஒன்று அதன் மூலை தூக்கும், இல்லையேல் நடுவில் தண்ணீர் நிற்கும். தீர்வு மூன்று. குளிக்கும் பகுதிக்குச் சின்ன டைல் அல்லது மொசைக். ஜாயிண்ட் அதிகம் இருப்பதால் சாய்வோடு வளைந்து போகும், கால் வழுக்குவதும் குறையும். அல்லது பெரிய டைலையே மடிப்புக் கோட்டில் மூலைவாட்டாக வெட்டுவது. அல்லது ஒற்றை ஜாலிக்குப் பதில் சுவரோரம் நீள வடிகால். அப்போது தரை முழுக்க ஒரே பக்கம் சரியும், பெரிய டைல் தாராளமாகப் படுக்கும். பெரிய டைலில் மனம் வைத்துவிட்டால் குழாய் போடும் முன்பே நீள வடிகாலை முடிவு செய்யுங்கள். தளம் போட்ட பிறகு மாற்றுவது உடைப்பு வேலை.

ஜாலியின் இடம் இன்னும் உங்கள் கையில் இருந்தால், அதன் மையம் ஒரு டைலின் மையத்திலோ நாலு டைல் சந்திக்கும் புள்ளியிலோ வரட்டும். முதலாவதில் ஒரே டைலில் சதுர ஓட்டை. இரண்டாவதில் நாலு டைலிலும் ஒரே மாதிரி மூலை வெட்டு. இரண்டும் இல்லாமல் ஜாயிண்டுக்கு 20 மி.மீ. தள்ளி ஜாலி விளிம்பு வந்தால், அந்த 20 மி.மீ. பட்டை வெட்டும்போதே உடையும், ஒட்டினாலும் சீக்கிரம் பெயரும். டிராப் (ஜாலிக்குக் கீழே வரும் வடிகால் குழாய்) முன்பே பதித்தாகிவிட்டது என்றால், ஜாலியிலிருந்து தொடங்கி வெளியே அளந்து, சுவரோரத் துண்டு எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். ஜாலிக்கும் சுவருக்கும் ஒரே சமயம் நியாயம் கிடைக்காவிட்டால் ஜாலிக்குக் கொடுங்கள். சுவரோரத்தை வாளியும் கிளாசெட்டும் மறைத்துக்கொள்ளும்.

ஒட்டும் முன் ஒரு வாளித் தண்ணீரைத் தளத்தில் ஊற்றிப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே டைலும் காப்பாற்றாது. ஒட்டிய பிறகு தேங்கினால், தேங்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, அதற்கும் ஜாலிக்கும் இடையே எந்த டைலின் விளிம்பு அணையாக நிற்கிறது என்று ரசமட்டத்தை வைத்துத் தேடுங்கள். பல நேரம் ஜாலியை ஒட்டிய டைல்தான் குற்றவாளி. பக்கத்து டைலைவிட ஒரு நூல் உயரத்தில் நின்றுவிட்டு இறங்காமல் இருக்கும், அல்லது ஜாலியே டைலைவிட உயர்ந்திருக்கும். அந்த ஒன்றிரண்டு டைலை மட்டும் எடுத்து மாற்றலாம். பெயர்க்கும்போது கீழே உள்ள நீர்த்தடுப்புப் பூச்சில் உளி பட்டிருந்தால் அதைச் சரிசெய்து, வடிகாலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்க்காமல் மறுபடி ஒட்டாதீர்கள்.

## மாடத்தையும் ஜன்னலையும் சுற்றிக் கீற்றுகள், எல் வடிவத் துண்டில் விரிசல்

மாடம் கொத்துபவர் ஒருவர், டைல் ஒட்டுபவர் இன்னொருவர், இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்றால் இதுதான் கிடைக்கும். மாடத்தின் விளிம்புகள் ஜாயிண்டில் வந்து நிற்க வேண்டும் என்றால், மட்டக்கோடும் பட்டியும் முடிவான பிறகுதான் மாடத்தின் இடத்தைச் சுவரில் வரைய வேண்டும். உள்ளேயும் டைல் ஏறும். ஆகவே வேண்டிய அளவைவிட நாலு பக்கமும் 12–13 மி.மீ. கூட்டிக் கொத்துங்கள். அடிப்பலகை லேசாக வெளியே சரியட்டும். இல்லாவிட்டால் சோப்புத் தண்ணீர் அங்கேயே கிடக்கும்.

மாடம் ஏற்கெனவே இருக்கிறது, ஜாயிண்ட் 30 மி.மீ. தள்ளி விழுகிறது என்றால், பூசிச் சுருக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். பெரிதாக்குவதைவிடச் சுருக்குவது எப்போதும் சுலபம். முடியாவிட்டால் அந்தச் சுவரின் நெட்டுக்கோட்டை மாடத்தின் மையத்தில் வைத்துத் தொடங்கலாம். துண்டு இரு பக்கமும் சமமாகவாவது இருக்கும்.

ஜன்னல் மூலையில் எல் வடிவத்தில் வெட்டும்போது உள்மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். இரண்டு வெட்டும் சந்திக்கும் புள்ளியில் முதலில் சின்ன ஓட்டை போட்டு, பிளேடை அந்த ஓட்டையோடு நிறுத்துங்கள். தாண்டி ஓடிய வெட்டுதான் பின்னாளில் விரிசலாகிறது. திட்டத்திலேயே ஜாயிண்டை ஜன்னல் விளிம்புக்கு நேராகக் கொண்டுவர முடிந்தால் எல் வெட்டே வேண்டாம்.

## குழாய் ஓட்டை டைல் விளிம்பில் வருகிறது

ஓட்டை விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலத்துக்குள் வந்தால் துளைக்கும்போதே டைல் விரிசல் விடும். நட்ட நடு டைலில் வருவதும் சரி, ஜாயிண்டிலேயே வந்து இரு டைலிலும் அரைவட்டம் வெட்டுவதும் சரி, இடைப்பட்டதுதான் ஆபத்து. சுவருக்கு வெளியே நிற்கும் மிக்ஸர் குழாய்களின் இரண்டு வாயும் பொதுவாக 150 மி.மீ. இடைவெளியில் இருக்கும். 300 அகல டைலில் மிக்ஸரின் மையம் டைல் மையத்திலோ ஜாயிண்டிலோ வந்தால் இரு ஓட்டையும் விளிம்பிலிருந்து 75 மி.மீ. தள்ளி நிற்கும். பிளம்பர் சுவரைக் கொத்தும் முன் அளவுப்பட்டியை ஒரு தடவை பிடித்துக் காட்டினால் போதும்.

## பார்டர் வரிசை அறையைச் சுற்றி வந்து சேரவில்லை

ஒவ்வொரு சுவரிலும் தரையிலிருந்து டேப் பிடித்து உயரம் குறித்திருப்பார்கள். தரை சரிவதால் கோடும் சரியும். கடைசி மூலையில் படி விழும். டியூப் லெவலோ லேசர் மட்டமோ வைத்து, இடுப்பு உயரத்தில் அறை முழுக்க ஒரே கோடு அடித்து, எல்லா உயரத்தையும் அந்தக் கோட்டிலிருந்து மேலும் கீழுமாக மட்டுமே அளக்க வேண்டும். ஒட்டிய பிறகு கண்டால், சேராத மூலையைக் கதவுச் சட்டத்தின் பக்கம் தள்ள முடிகிறதா என்று பாருங்கள். வாசல் இடையில் வருவதால் அங்கே மட்டும் கோடு தொடர வேண்டிய அவசியமில்லை.

பார்டரின் உயரத்தை முடிவு செய்யும்போது வாஷ்பேசின், கண்ணாடி, ஜன்னலின் அடி மூன்றையும் சுவரில் வரைந்து பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் பாதி மறைந்துபோகும் பார்டர் வீண் செலவு.

## ஜாயிண்ட் போகப்போக அகலமாகிறது

டைல்கள் ஒரே அளவில் இல்லை. பெட்டியின் பக்கத்தில் நிறச் சாயலைக் குறிக்கும் ஷேட் எண்ணும் அளவுக் குறியும் இருக்கும். எல்லாப் பெட்டியிலும் ஒன்றா என்று இறக்கும்போதே பாருங்கள். பல பெட்டியிலிருந்து பத்து டைல் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு மூலையில் தட்டி அடுக்கினால் வித்தியாசம் கையிலேயே தட்டுப்படும். அமெரிக்க ஆன்சி தரநிலை சொல்லும் விதி பயனுள்ளது: டைல்களின் அளவு வேறுபாட்டைப்போல மூன்று மடங்குக்குக் குறையாமல் ஜாயிண்ட் வேண்டும். 1 மி.மீ. வேறுபாடு என்றால் குறைந்தது 3. விளிம்பு தேய்த்துச் சீராக்கிய ரெக்டிஃபைட் டைலில் வேறுபாடு குறைவு, அதனால் ஒல்லி ஜாயிண்ட் தாங்கும். ஆனாலும் ஜாயிண்டே இல்லாமல் ஒட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வேறுபாடு இருக்கும் டைலில் ஸ்பேசரை மட்டும் நம்பாமல், மூன்று நாலு டைலுக்கு ஒரு நெட்டுக்கோடு சுவரில் அடித்து, வித்தியாசத்தை அந்தக் கோட்டுக்குள்ளேயே தீர்த்துக்கொண்டு போக வேண்டும்.

## செங்கல் அடுக்குப் போல வைத்ததில் விளிம்பு தூக்குகிறது

நீளமான டைல் கொஞ்சம் வளைந்தே சூளையிலிருந்து வரும். நடுப்பகுதி உயர்ந்து, முனைகள் தாழ்ந்து. பாதிக்குப் பாதி தள்ளி வைத்தால் ஒரு டைலின் உயர்ந்த நடுப்பகுதிக்கு அடுத்ததன் தாழ்ந்த முனை வந்து நிற்கிறது. பசையால் இதைத் தீர்க்க முடியாது. ஒரு பக்கம் 380 மி.மீட்டரைத் தாண்டிய டைலுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ள வேண்டாம் என்று அதே தரநிலை சொல்வது இதனால்தான். வாங்கிய டைலில் இரண்டை முகத்தோடு முகம் வைத்துப் பாருங்கள். முனைகளில் வெளிச்சம் தெரிந்தால் நேர் ஜாயிண்டுக்கே போய்விடுங்கள்.

## கடைசியில் டைல்ஸ் போதவில்லை

பரப்பளவைக் கணக்கிட்டு 10 சதவீதம் கூட்டி வாங்கினோம், ஒன்றும் உடையவில்லை, ஆனாலும் பற்றவில்லை என்பார்கள். முதல் தலைப்பின் சுவரையே எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பளவுப்படி ஒரு வரிசைக்கு 5.3 டைல், பத்து வரிசைக்கு 53, பத்து சதவீதத்தோடு 58 அல்லது 59. நிஜத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் நாலு முழு டைலும் 197 மி.மீ. துண்டு இரண்டும் வேண்டும். ஒரு டைலில் 197 வெட்டினால் மீதி 100 சொச்சம்; இந்தச் சுவருக்கு உதவாது. ஆக வரிசைக்கு ஆறு, மொத்தம் 60. உடைசலுக்கு ஒன்றுகூட மிச்சமில்லாமலே குறைகிறது.

அழகான அமைப்பு கொஞ்சம் கூடுதல் டைல் கேட்கும். கீற்று விழும் அமைப்பு சிக்கனமானது, ஒரே டைலிலிருந்து ஐந்தாறு கீற்று வந்துவிடும். எதற்கு எவ்வளவு தருகிறோம் என்று தெரிந்து தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு சுவரையும் காகிதத்தில் வரைந்து முழு டைல், வெட்டு டைல் என்று எண்ணிக்கையாக எண்ணுங்கள். மீதித் துண்டு வேறு எங்காவது பயன்படுமா என்று பாருங்கள். மாடத்தின் உள்பக்கம், கதவுக்கு மேலே உள்ள பகுதி இரண்டும் மீதித் துண்டை நன்றாகத் தின்னும். 45 பாகையில் போடும் தரைக்கு ஓர வெட்டு எல்லாமே சாய்வு என்பதால் இன்னும் கூடுதல் வேண்டும். எண்ணி முடித்த தொகைக்கு மேல் ஒரு பெட்டி, அதே ஷேட் எண்ணில், பிரிக்காமல் எடுத்து வையுங்கள். பின்னால் ஒரு குழாய் கசிந்து சுவரை உடைக்க வேண்டி வந்தால் அந்த ஷேட் கடையில் கிடைக்காது.